லண்டனில் மழை பெய்ய வேண்டும்

"இப்ப?" என்று நேசம் மொட்டைமாடியிலிருந்து கத்தினாள்.

"வந்திட்டுது! விடாதை பிள்ளை, அப்பிடியே பிடி!" என்றது இரண்டாம் மாடி ஜன்னல்.

"ஐயோ, போயிட்டு! பந்தையும் காணோம், ஆளையும் காணோம்!" என்றது முதலாம் மாடி ஜன்னல்.

மூன்றாம் மாடி ஜன்னல் ஒன்றும் சொல்லவில்லை. அது நேசத்தின் வீடு. அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை.

அவள் இரண்டு கைகளாலும் ரீவி அன்ரனாக் கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் அந்த ஒழுங்கையில், மூன்று வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்பம். கூரைக்கு மேல் கம்பிகள் கூடினால் ரயில் பாதையடிச் சென்றியில் காவல் நிற்கிற பொலிஸ்காரர்களுக்குச் சந்தேகம் வரும் என்று வீட்டுச் சொந்தக்காரர் நுகேகொடையில் இருந்துகொண்டே பயப்பட்டார். ஆகவே ஒரு கம்பம், அதிலிருந்து மூன்று வயர்.

மற்ற நாட்களில் அது பெரிய தொல்லை இல்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரே நேரத்தில் மூன்று சனலில் மூன்று ஆட்டம். கம்பத்தைக் கோட்டைப் பக்கம் திருப்பினால் உலகக் கோப்பைக் கால்பந்து. தெஹிவளைப் பக்கம் திருப்பினால் இங்கிலாந்தில் நடக்கும் கிரிக்கெட். இரண்டுக்கும் நடுவே, காலி வீதியைப் பார்த்து ஒரு மயிரிழை பிசகாமல் நிறுத்தினால் விம்பிள்டன் டென்னிஸ்.

"இன்னும் கொஞ்சம் வடக்கையோ?" என்று அவள் ஒரு தரம் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து நவரத்தினத்தின் தலை முழுதாக வெளியே வந்தது. "சத்தம் போடாதை! வடக்கிலை சண்டை நடக்குது, கீழை சென்றி நிக்குது, நீ மேலை நிண்டு வடக்கு வடக்கெண்டு கத்திறாய். கோட்டைப் பக்கம் எண்டு சொல்லு!"

நவரத்தினம் ஓய்வுபெற்ற தபால் அதிபர். மனைவி மகளோடு மட்டக்களப்பில் இருந்தாள். அவர் கிரிக்கெட்டோடு இங்கே இருந்தார். யாருக்கு எந்த நேரம் கம்பம் என்று பூல்ஸ்காப் தாளில் கோடு போட்டு எழுதி, கீழே கையெழுத்தும் வைத்துப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியவர் அவர்தான். நாலரையிலிருந்து ஐந்தரை வரை கிரிக்கெட். ஐந்தரையிலிருந்து ஆறு வரை டென்னிஸ். அதற்குப் பிறகு முதலாம் மாடி அலவியின் கால்பந்து. அந்தக் கட்டிடத்தில் ஒரே தொலைபேசியும் அவருடையதுதான். ஆட்டம் இருக்கும் நாளில் மணி அடித்துத் தொந்தரவு செய்யக்கூடாது என்று றிசீவரை எடுத்து மேசையில் படுக்கவைத்துவிடுவார்.

அந்தத் தாளில் நேசத்துக்கு ஒரே ஒரு குறை இருந்தது. மழை அதைப் படித்திருக்கவில்லை.

அவளுக்கு டென்னிஸ் தெரியாது. பதினைந்து, முப்பது என்று போய் நாற்பத்தைந்துக்குப் பதிலாக ஏன் நாற்பதில் நிற்கிறார்கள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கணவன் ஹியூபேட் எழுதிய கடிதம். ஹோட்டல் சமையலறையில் வேலை செய்ய லண்டனுக்குப் போன ஹியூபேட், இந்தக் கோடையில் லீவு நாட்களில் இன்னொரு வேலையும் பிடித்திருந்தான். மழை வந்தால் பத்துப் பதினைந்து பேர் ஓடிப்போய் டென்னிஸ் தரையை ஒரு பெரிய படங்கு விரித்து மூட வேண்டும். அதில் அவனும் ஒருவன். "மழை பெய்தால் என்னை ரீவியில் காணலாம்" என்று எழுதியிருந்தான்.

நாலு வருடம். கொட்டாஞ்சேனையில் மாமியார் வீட்டு வாசலில் விமான நிலையத்துக்கு வான் ஏறினவன். அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வசதியாக இங்கே வந்து இரண்டு வருடம். இந்த வீட்டை அவன் கண்டதே இல்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற பொலிஸ் பதிவுத் தாளில் மூன்றாம் மாடிக்கு நேரே அவள் பெயர் மட்டும் தனியாக நின்றது.

அவன் குரல் மாதத்துக்கு ஒரு தரம் நவரத்தினத்தின் போனில் வந்தது. குரல் அவளிடம் பத்திரமாக இருந்தது. மற்றதெல்லாம்தான் கழன்று போய்க்கொண்டிருந்தது. காலையில் சீவும்போது அவன் வகிடு எந்தப் பக்கம் என்று யோசித்தாள், வரவில்லை. கலியாணப் படத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் பார்த்துத் தெரிந்துகொள்வது அவளுக்கு வெட்கமாக இருந்தது, பரீட்சையில் பார்த்து எழுதுவதைப் போல. அவன் ஒல்லி, நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கும். இவ்வளவுதான் கையில் மிஞ்சியிருந்தது. ஒரு தரம், ஒரே ஒரு தரம் அவன் ஓடுவதைக் கண்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அவள் நம்பினாள்.

பத்து நாளைக்கு முன் பேசியபோது, "செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டிலை நிப்பாய்தானே?" என்று கேட்டான்.

"ரீவிக்கு முன்னாலைதான் நிப்பன். நீங்கள் மழையைக் கொண்டு வாங்கோ" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். ஏதோ சொல்ல வந்து விழுங்கினதுபோல் ஒரு சிரிப்பு.

இன்று அரை நாள் லீவு போட்டுக் கொச்சிக்கடைக்குப் போய், அந்தோனியாருக்கு முன்னால் ஐந்து மெழுகுதிரி கொளுத்தி, "லண்டனில் மழை பெய்ய வேண்டும்" என்று மன்றாடிவிட்டு வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

சரியாக ஐந்தரைக்குத் தன் முறை வந்ததும் கம்பத்தைக் காலி வீதிக்கு நேரே நிறுத்திவிட்டுக் கீழே ஓடினாள். படம் துல்லியமாக இருந்தது. லண்டனில் கண் கூசும் வெயில். சனங்கள் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். உலகமெல்லாம் அந்தப் பந்தைப் பார்த்திருக்க, நேசம் மட்டும் திரையின் மேல் மூலையில் தெரிந்த ஒரு துண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணித்தியாலமும் வெயிலாகவே போயிற்று.

ஆறு மணிக்கு அலவியின் மனைவி பீபி கதவில் நின்றாள். "நேசமக்கா, எங்கட ஆள் பாயாத கொறதான். மெச் தொடங்கிட்டாம். தெருப்பி உடுங்களேன்."

"பத்து நிமிசம், பீபி. லண்டனிலை மேகம் ஒண்டு வாற மாதிரிக் கிடக்கு."

"மேகமா? மேகம் என்னத்துக்கு?"

நேசம் சொன்னாள். மெழுகுதிரியையும் சேர்த்தே சொன்னாள். பீபி நெஞ்சில் கைவைத்துக் கேட்டாள். கேட்டதை இறங்கும் வழியில் இரண்டாம் மாடியிலும் சொல்லிவிட்டுப் போனாள்.

நவரத்தினம் இரண்டு படி ஒன்றாக ஏறி வந்தார். "என்ன பிள்ளை கதை இது? இங்கிலாந்திலை மழை வரவேணும் எண்டு நேர்ந்தனியோ? நான் காலைமை பம்பலப்பிட்டிப் பிள்ளையாருக்கு மழை வரக்கூடாதெண்டு ஒம்பது தேங்காய் உடைச்சிட்டு வாறன்!"

"அண்ணை, உங்கடை மெச் வேறை ஊரிலைதானே?"

"வேறை ஊரோ? அந்த நாடு எவ்வளவு பெரிசு? ஒரு முகில் எல்லா இடத்துக்கும் போதும்!"

கீழேயிருந்து அலவியின் குரல் வந்தது. "தங்கச்சி! கோல் ஒண்டு விழுந்திட்டாம், ரேடியோவுல செல்றான்! நான் இங்க புள்ளி புள்ளியா நொளம்பு பறக்கிறதப் பாத்துட்டு ஈக்கிறன்!"

நேசம் மேலே ஓடினாள். கம்பத்தைக் கோட்டைப் பக்கம் தள்ளும்போதுதான் சென்றியைத் தற்செயலாகப் பார்த்தாள்.

மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள். அவர்களுக்கு நடுவே, இந்த வெக்கையில் கோட்டுப் போட்ட ஒரு தடித்த மனிதன். அவன் இரண்டு கைகளையும் தூக்கி அவளை நோக்கி ஆட்டினான்.

சீருடை இல்லாமல் கோட்டோடு நிற்பவன் சீ.ஐ.டி.யாகத்தான் இருக்க வேண்டும். மொட்டைமாடியில் நின்று கம்பியைத் திருப்பிக் கத்துகிற பெண்ணை அவன் கவனித்துவிட்டான். அவள் அப்படியே தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்தினாள். பத்து வரை எண்ணினாள். பிறகு தவழ்ந்து படிக்கட்டுக்கு வந்தாள்.

"மேலை போகேலாது. சீ.ஐ.டி. பாக்கிறான். கையைக் காட்டி இறங்கச் சொல்றான்" என்று நவரத்தினத்திடமும் ஏறி வந்த அலவியிடமும் சொன்னாள்.

அலவி துணிக்கடைக்காரர், எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் கயிறு இருந்தது. "அதுக்கென்ன, மேல ஏறாமலே திருப்புவம். ரெண்டு நைலோன் கயிறு. ஒண்டு என்ட ஜன்னலுக்கு, ஒண்டு நவரத்தினம் மாஸ்டர்ட ஜன்னலுக்கு. இழுத்தாப் போதும்."

"எனக்கு?" என்றாள் நேசம்.

"ஒங்களுக்கு நடுவுலதானே, தங்கச்சி. ரெண்டு பேரும் உட்டா நடுவுல நிக்கும்."

கயிற்றை யார் கட்டுவது? கம்பத்தின் குணம் தெரிந்தவள் நேசம்தான். குனிந்து குனிந்து போய்க் கட்டினாள். முடிச்சை இறுக்க ஒரு கணம் நிமிர்ந்ததும் கோட்டுக்காரன் மறுபடியும் கண்ணில் பட்டான். இப்போது ஒரு வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் சுழற்றினான். இரண்டாவது எச்சரிக்கை என்று அவளுக்கு விளங்கியது. இந்த முறை குந்தவில்லை, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

கயிறு வேலை செய்தது. அதுதான் பிழையாகப் போயிற்று. அலவி கோட்டைப் பக்கம் இழுத்தார். நவரத்தினம் தெஹிவளைப் பக்கம் இழுத்தார். இருவரும் ஜன்னல் நிலையில் காலை ஊன்றி ஒரே பலத்தில் இழுத்ததால் கம்பம் இரண்டு பக்கமும் போகாமல் நடுவில் விறைத்து நின்றது. மூன்றாம் மாடியில் விம்பிள்டன் கண்ணாடிபோல் தெரிந்தது.

நேசம் இறங்கி ஓடி வந்து பார்த்தாள். வானத்தின் ஒரு மூலை கறுத்திருந்தது. "இழுங்கோ அண்ணை! விடாதேங்கோ அலவி நானா!" என்று ஜன்னலால் இருவரையும் ஒரே நேரத்தில் உற்சாகப்படுத்தினாள்.

நாலு நிமிடம் அப்படி நின்றது. பிறகு நவரத்தினத்தின் வீட்டிலிருந்து ஓர் அலறல் எழுந்தது. அவருடைய புள்ளிகள் நிறைந்த திரையில் ஆட்டக்காரர்கள் குனிந்தபடி உள்ளே ஓடினார்கள். கிரிக்கெட் மைதானத்தில் மழை.

"உன்ரை அந்தோனியார்!" என்று கத்தியபடி அவர் கயிற்றை விட்டார்.

அலவி இழுத்த இழுப்பில் கம்பம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தண்ணீர்த் தாங்கியில் சாய்ந்தது. போகிற போக்கில் இரண்டு வயரை அறுத்தது. முதலாம் மாடி இருண்டது. இரண்டாம் மாடி இருண்டது. மூன்றாம் மாடி வயர் மட்டும் தப்பியது.

இரண்டு நிமிடத்தில் கட்டிடம் முழுவதும் நேசத்தின் வரவேற்பறையில் இருந்தது. அலவி ரேடியோவைக் காதோடு வைத்திருந்தார். நவரத்தினம் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கதைத்தார்.

"மழை வேணும் எண்டவைக்கு மழை கிடைச்சிட்டுது. இப்ப சந்தோசம்தானே?"

"அண்ணை, அந்த முகில் லண்டனுக்கு வருமோ?"

அவர் பதில் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தார். ஆனால் கேள்வி கிரிக்கெட் சம்பந்தப்பட்டது, அடக்க முடியவில்லை. "காத்து அந்தப் பக்கம்தான். அரை மணித்தியாலத்துக்குள்ளை வரும்."

அலவி ரேடியோவை இறக்கினார். "எங்கட மெச் அரைவாசி முடிஞ்சிட்டு. பதினஞ்சு நிமிசம் இடைவேளை. தங்கச்சி, அந்தப் பதினஞ்சும் ஒங்களுக்கு. அதுக்குப் பொறகு வாப்பாவே வந்து கேட்டாலும் தரமாட்டன்."

பதினைந்து நிமிடம். நவரத்தினம் கைக்கடிகாரத்தைக் கழற்றி ரீவிக்கு மேல் வைத்தார், பரீட்சை மண்டபத்தில் வைப்பதுபோல. சாய்ந்த கம்பத்தை யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டும். அலவி முயன்றார், படம் நெளிந்தது. நவரத்தினம் முயன்றார், படம் இரண்டாகப் பிரிந்தது. நேசம் போய்ப் பிடித்ததும் கண்ணாடியாயிற்று.

ஆக, ஹியூபேட்டை உலகமே பார்க்கும், அவனுடைய பெண்சாதி மட்டும் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கம்பத்தோடு நிற்பாள். எந்தக் காரியத்திலும் தனக்கு இப்படித்தான் அமைகிறது என்று அவள் நினைத்தாள். சமைத்துவிட்டுப் பரிமாறி முடிக்கும்போது சட்டி வழித்திருக்கும். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"மேகம் வருகுது, பிள்ளை!" நவரத்தினத்தின் குரல் ஜன்னலால் ஏறி வந்தது. கோபத்தை எங்கே வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. "முழுக்க மூடிட்டுது! அஞ்சு நிமிசம் போட்டுது!"

"மழையோ அண்ணை?"

"இல்லை, பொறு! நடுவர் மேலை பாக்கிறார்! குடை! ஒரு குடை விரியுது! ரெண்டு! ஐயோ, எல்லாம் குடை!"

அவள் கால்கள் நிலத்தில் நிற்கவில்லை. அந்தக் குதிப்பில் சென்றியை மறந்து ஒழுங்கைப் பக்கம் திரும்பினாள். கோட்டுக்காரன் இப்போது மணல் மூட்டைக்கு மேலேயே ஏறிவிட்டான். ஒரு பொலிஸ்காரன் அவன் இடுப்புப் பட்டியைப் பிடித்திருக்க, அவன் கைகளை விரித்து, மூடி, விரித்து ஏதோ கத்தினான். ரயிலொன்று கடலோரமாக இரைந்து போனதில் ஒன்றும் கேட்கவில்லை. நேசம் சடாரென்று குந்தினாள். கை மட்டும் தலைக்கு மேலே கம்பத்தை விடாமல் நின்றது.

"கவர்! தரையை மூடுற கவரைக் கொண்டு வாறாங்கள்!" என்று கீழே நவரத்தினம் அலறினார்.

அப்போது படிக்கட்டில் பீபியின் தலை தெரிந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தவழ்ந்தே வந்தாள். "நீங்க போங்கக்கா. கைய எங்க வெச்சீக்கிறீங்களோ அதே எடத்துல நான் வெக்கிறன். போங்க, ஓடுங்க!"

நேசம் படிகளில் இறங்கவில்லை, விழுந்தாள் என்றே சொல்லலாம். திரை முன்னால் வந்து நின்றபோது மழைக்குள் ஒரு பச்சைப் படங்கு வீங்கி எழுந்தது. அதை இழுத்துக்கொண்டு வரிசையாக ஆட்கள் ஓடினார்கள். எல்லோருக்கும் ஒரே சட்டை, எல்லோருக்கும் குனிந்த தலை.

"எது? எது?" என்று அலவி துள்ளினார்.

அவளுக்குத் தெரியவில்லை. ஒரு விநாடி, ஒரு முழு விநாடி, அவளுக்கு ஒருவரையும் தெரியவில்லை. பிறகு வரிசையின் கடைசியில் ஒரு ஒல்லியான முதுகு. இடது தோள் இறங்கியிருந்தது.

"அவர்தான்!" என்று கத்தினாள். "அங்கை, கடைசியிலை! நாலு வருசமா ஒரு இறாத்தல் நிறை கூடப் போடேல்லை, பாருங்கோ!"

"ஓமோம், அதே நடை!" என்றார் ஹியூபேட்டைக் கண்டே இராத நவரத்தினம்.

"என்ன இழுவ! ஒத்தையா நிண்டு இழுக்கிறான் மனிசன்!" என்று அலவி கைதட்டினார்.

அது அவன்தானா என்று கேட்க அவளுக்குள்ளே ஒருத்தி எழும்பினாள். நேசம் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அலவி பீபிக்குக் கேட்கும்படி ஜன்னலால், "கண்டுட்டம்!" என்று கத்தினார். மேலேயிருந்து, "அல்ஹம்துலில்லாஹ், கை நோகுது!" என்று பதில் வந்தது. நவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பிள்ளையாரிடம் தான் பிறகு பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

பத்து நிமிடமும் ஆகியிருக்காது. படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

அலவி ரேடியோவை அணைத்தார். நவரத்தினம் முதலில் சுதாரித்து, எல்லோருடைய அடையாள அட்டைகளையும் பதிவுத் தாளையும் மேசையில் பரப்பினார். கதவில் நின்ற கொன்ஸ்டபிள் மெலிந்த, வியர்த்த மனிதன். மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் வாங்கியது.

"அன்ரனாவுக்குத்தான் சேர் மேலை ஏறினனான்," என்று அவன் கேட்க முன்னரே நேசம் சொன்னாள். "கத்தினது பிழைதான். இனிமேல் ஏறமாட்டன்."

"பய வெண்ட எப்பா, நோனா, பயப்பட வேணாம்." அவன் தாளை எடுத்து விரலால் தடவிப் படித்தான். "இந்த வீட்ல நோனா மட்டும். நோனாட புருசன் மஹத்தயா எங்க?"

"லண்டனிலை!" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

"ஷுவர்தானா?"

"ஷுவரோ?" நவரத்தினம் தபால் அதிபராக நிமிர்ந்து நின்றார். "பத்து நிமிசத்துக்கு முன்னம் நாங்கள் எல்லாரும் எங்கடை கண்ணாலை பாத்தனாங்கள். லைவ்! லண்டனிலை, மழைக்கை நிண்டு வேலை செய்யிறார்."

"நானும் பாத்தன் சேர், குர்ஆன் மேல கை வெச்சுச் செல்வன்" என்றார் அலவி.

கொன்ஸ்டபிள் நேசத்தைப் பார்த்தான். "நோனா?"

"அவரின்ரை பெண்சாதி நான், சேர்," என்றாள் நேசம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எத்தினை பேருக்கு நடுவிலை நிண்டாலும் எனக்கு அவரைத் தெரியாமல் போகுமோ?"

கொன்ஸ்டபிள் நிம்மதியாகத் தொப்பியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்தான்.

"அப்ப சரி, பொய்க்காரன்தான், கீழ சென்றியில கோட்டுப் போட்டு ஒருத்தன், இந்த வீட்டுப் பதிவுல பேர் இல்ல, ஹியூபேட்டாம், லண்டன்லேருந்து பெஞ்சாதிக்குச் சொல்லாம வந்ததாம், போன் எடுத்தா வேல செய்யல்லயாம் எண்டு ஒரு மணித்தியாலமா அழுறான், நாங்களும் பாவமெண்டு மூணு தரம் மேல கை காட்டச் சொன்னோம், மூணு தரமும் நோனா அவனக் கண்டுதானே ஓடி ஒளிச்சது."